வளைவில் வேண்டாம், முற்றத்தில் மாற்றுங்கள்

பேத்துப்பாறை, அஞ்சுவீடு, கணேசபுரம், பாரதி அண்ணாநகர் பக்கத்தில் பிக்கப், ஜீப், ஏஸ் ஓட்டும் அண்ணன் தம்பிகளுக்கு,



நம் பக்கத்தில் டீசல் ஃபில்டர் எப்போது மாறுகிறது? வண்டி ஏற்றத்தில் திணறி நின்று, பின்னால் வந்த ஜீப்பில் ஒரு ஆளை ஏற்றி அனுப்பி, கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் இருந்து ஃபில்டர் வந்து சேர்ந்த பிறகு. பானெட்டைத் தூக்கிவைத்து, பின் சக்கரத்துக்குக் கல் கொடுத்து, ஒருவர் குனிந்து திருகிக்கொண்டிருக்க இன்னொருவர் பக்கத்திலேயே பீடியோடு நிற்பதைப் பெருமாள்மலைப் பாதையில் எத்தனை தடவை பார்த்திருப்போம். இந்த வேலையை வீட்டு முற்றத்தில், பகலில், எஞ்சின் ஆறிய பிறகு, வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் காலத்திலேயே செய்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் எழுதுகிறேன். செய்கிறபோது உயிருக்கும் ஓடைக்கும் கெடுதி வராமல் செய்ய வேண்டும். அதைப் பற்றியும் சொல்ல நிறைய இருக்கிறது.

சமவெளியில் ஃபில்டர் அடைத்தால் வண்டி ஓரமாக நிற்கும், அவ்வளவுதான். மலையில் அது பிரேக் சம்பந்தப்பட்ட விஷயம். எஞ்சின் நின்ற நொடியில் பவர் ஸ்டீயரிங் இறுகிவிடும். பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவத்தைத் தரும் பம்பு, டீசல் வண்டியில் எஞ்சினோடு சேர்ந்து சுற்றுவது. பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் பின்புறத்திலேயே இருக்கும். எஞ்சின் நின்றுவிட்டால் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அப்புறமும் பிரேக் பிடிக்கும், ஆனால் முழு பலத்தையும் போட்டு மிதிக்க வேண்டும். வாழைத்தாரும் பட்டர் ஃப்ரூட்டும் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் கிளம்பிய வண்டி, சவரிக்காட்டுக்குக் கீழே ஏதோ ஒரு இறக்கத்தில் இப்படி அணைந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பதறிப்போய் பிரேக்கை விட்டு விட்டு மிதிப்பவர்தான் பூஸ்டரை முதலில் காலி செய்வார். அப்படி நேர்ந்தால் ஒரே மிதியாக மிதித்துப் பிடித்துக்கொண்டு, கியரையும் ஹேண்ட் பிரேக்கையும் துணைக்கு எடுங்கள்.

இருட்டிய பிறகு நின்றால் இன்னொரு கவலை. பலா பழுக்கும் காலத்திலும் வாழை தார் தள்ளும் காலத்திலும் நம் பாதையில் யார் நடமாடுகிறார்கள் என்பது ஊர் அறிந்தது. யானை வரும் தடத்தில் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு டார்ச் அடிக்கும் நிலைமை ஒருவருக்கும் வர வேண்டாம்.

ஃபில்டரை எப்போது மாற்றுவது என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் ஒரு கிலோமீட்டர் கணக்கு இருக்கும். அது வண்டிக்கு வண்டி வேறுபடும். அதைப் பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஏறி இறங்கும் நம் வண்டிகள் கொஞ்ச தூரம் போவதற்குள் நிறைய நேரம் சுற்றிவிடுகின்றன. மீட்டர் அதைக் காட்டாது. போதாததற்கு மலையில் பங்க் தூரம் என்பதால் டீசலைக் கேனில் வாங்கி வைக்கிறோம். கேனின் அடியில் மண், மூடியில் மழைத்தண்ணீர், ஊற்றும் புனலில் பழைய தூசு. எல்லாம் டேங்குக்குள் போகிறது. பாதி டேங்க் காலியாக இரவெல்லாம் பனியில் நிற்கும் வண்டியில், உள்ளே இருக்கும் ஈரக்காற்று குளிர்ந்து தண்ணீராகப் படியும். அந்தத் தண்ணீர் ஃபில்டரின் அடிப்பாகத்தில் சேரும்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஃபில்டரின் அடியில் இருக்கும் வடிகால் திருகைக் கொஞ்சம் தளர்த்தி, ஒரு கண்ணாடிக் குப்பியில் நாலு மடக்கு அளவு பிடியுங்கள். சும்மா வைத்துவிட்டுப் பல் துலக்கிவிட்டு வாருங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும், மேலே டீசல். நடுவில் கோடு கிழித்தமாதிரி தெரியும். அந்தக் கோடு தெரிந்தால் தெளிந்த டீசல் வரும்வரை வடித்துவிடுங்கள். வடித்த சில நாளிலேயே மறுபடி தண்ணீர் வந்தால் கோளாறு ஃபில்டரில் இல்லை, டேங்கில் இருக்கிறது. மழைக்காலத்தில் இதை வாராவாரம் பார்த்துவந்தாலே பாதி வழிநிறுத்தம் குறையும் என்று நம்புகிறேன்.

இனி நெருப்பு. “டீசல் பற்றாதுப்பா” என்பது நம் ஊரில் எல்லோரும் சொல்வது. குளிர்ந்த தரையில் சிந்திய டீசல் மீது தீக்குச்சி போட்டால் அணைந்துபோவதைப் பார்த்து வந்த தைரியம் அது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி வண்டி டீசலின் தீப்பற்று நிலை, அதாவது நெருப்பைக் காட்டினால் பற்றும் அளவுக்கு ஆவி கிளம்பும் சூடு, குறைந்தது 35 டிகிரி இருக்க வேண்டும். நம் ஊர்த் தரை அந்தச் சூட்டை எட்டுவது அபூர்வம். ஆனால் எஞ்சின் அறைக்குள் நிலவரம் வேறு. நெருப்பே காட்டாமல், சூட்டினால் மட்டும் டீசல் தானாகப் பற்றிக்கொள்ளும் அளவு ஏறக்குறைய 210 டிகிரியில் தொடங்குகிறது. இந்த ஒரு கணக்கில் அது பெட்ரோலைவிட எளிதில் பற்றும். ஏற்றம் ஏறி வந்த வண்டியின் சைலன்சர் மேனிஃபோல்டும் டர்போவும் அந்த அளவைத் தாண்டித்தான் இருக்கும். வழியில் நின்ற வண்டியில், சூடு ஆறாமல், மேலே ஃபில்டரைக் கழற்றிக் கீழே டீசலைச் சிந்தவிடுவது எவ்வளவு ஆபத்து என்பது இப்போது புரியும். டீசலில் ஊறிய பனியன் வேஸ்ட் இன்னும் மோசம். திரி போலப் பற்றும். அதை மேனிஃபோல்டு மீது வைத்துவிட்டு மறந்துபோகாதீர்கள்.

பெட்ரோல் வேறு ஜாதி. அதன் தீப்பற்று நிலை பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி வாக்கில். கொடைக்கானல் ஏரிக்கரையில் உறைபனி விழும் விடியலிலும் அது ஆவியாகிக்கொண்டேதான் இருக்கும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே கிளம்பிப் போகாது, தரையோடு தவழும். நம் வீடுகள் படிப்படியாக வெட்டிய சரிவில் இருக்கின்றன. மேல் படி முற்றத்தில் பைக்கின் பெட்ரோல் குழாயைக் கழற்றினால் ஆவி கீழ் படியில் இருக்கும் சமையற்கட்டுக்கு இறங்கும். அங்கே விறகடுப்பு எரிந்துகொண்டிருக்கும். ஆகவே பெட்ரோல் வேலை என்றால் வீட்டுக்கும் அடுப்புக்கும் கீழ்ப்பக்கம், காற்று ஓடும் திறந்த இடத்தில் மட்டும்.

பெட்ரோல் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லிவிட்டு டீசலுக்கே வருகிறேன். பைக்கிலும் பழைய கார்புரேட்டர் ஆம்னியிலும் குழாயின் நடுவே செருகிய சின்ன ஃபில்டர் இருக்கும். அதன் மேல் அம்புக்குறி இருக்கும். அம்பு எஞ்சினைப் பார்க்க வேண்டும். ரப்பர் குழாய் நுனி வெடித்திருந்தால் குழாயையும் மாற்றுங்கள். இப்போது பங்குகளில் வருவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரை இழுக்கும், பழைய டேங்கில் படிந்த கசடையும் கிளப்பிவிடும், பழைய ரப்பரையும் கெடுக்கும். அதனால் பழைய வண்டிகளில் ஃபில்டரையும் குழாயையும் அடிக்கடி பார்ப்பது நல்லது. இன்ஜெக்‌ஷன் கார்களில் வண்டியை அணைத்த பிறகும் குழாயில் 3 பார் வாக்கில் அழுத்தம் நிற்கும். பலவற்றில் ஃபில்டரே டேங்குக்குள் பம்போடு சேர்ந்திருக்கும். அவற்றை வீட்டில் தொட வேண்டாம்.

டீசல் வண்டிகளில் முதலில் உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். தோட்டங்களுக்குள் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் பழைய ஜீப்புகளில் இருப்பது நம் மெக்கானிக்குகள் மைக்கோ பம்பு என்று சொல்லும் வகை. அந்த மைக்கோ நிறுவனம் 2008-இல் பாஷ் லிமிடெட் என்று பெயர் மாறியும் நம் வாயில் மைக்கோதான். இதில் இரட்டைக் கிண்ணம் இருக்கும். முதலில் துணி ஃபில்டர், அடுத்தது பேப்பர் ஃபில்டர். இந்த வகையை வீட்டில் தாராளமாக மாற்றலாம். பேப்பர் ஃபில்டரைக் கம்ப்ரசரில் ஊதித் திரும்பப் போடும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். ஊதும்போது காகிதத்தில் விழும் கிழிசல் கண்ணுக்குத் தெரியாது, பம்புக்குத் தெரியும்.

அடுத்தது காமன் ரெயில். 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பிஎஸ் 6 டீசல் வண்டி என்றால் காமன் ரெயில்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய பிக்கப்புகளிலும் பல அப்படியே. இதன் ரெயில் குழாயில் 1,600 பார், அதற்கு மேலும் அழுத்தம் ஓடும். கார் டயரில் நாம் அடைப்பது 2 பார் சொச்சம். பழைய ஜீப்பில் ஏர் எடுக்க நாசில் குழாயின் நட்டைத் தளர்த்திவிட்டு செல்ஃப் அடிப்போமே, அதைக் காமன் ரெயில் வண்டியில் எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். வெளியே பார்த்தால் முள் குத்தின மாதிரி ஒரு புள்ளிதான் இருக்கும், வலியும் பெரிதாகத் தெரியாது. சில மணி நேரத்தில் விரல் வீங்கும், உள்ளே சதை அழுகத் தொடங்கும். தாமதித்தால் விரலையே எடுக்க வேண்டிவரும். அப்படி ஏதாவது பட்டுவிட்டால் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு படுக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். டீசல் அழுத்தத்தில் உள்ளே ஏறியது என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லி, அன்றைக்கே அறுவை சிகிச்சை செய்யும் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லுங்கள். கசிவைத் தேடும்போதும் குழாய் மீது விரலை ஓட்டிப் பார்க்க வேண்டாம். எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, அட்டைத் துண்டில் ஈரம் ஒட்டுகிறதா என்று பாருங்கள்.

காமன் ரெயில் வண்டியில் ஃபில்டர் இருப்பது குறைந்த அழுத்தப் பக்கம். அதனால் ஃபில்டரை மட்டும் மாற்றுவது வீட்டில் முடிகிற வேலைதான். எஞ்சினை அணைத்துக் குறைந்தது ஒரு மணி நேரமாவது ஆறவிடுங்கள். காலை வேளையில் முதல் வேலையாக வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. சமதரை பார்த்து நிறுத்துங்கள். சமதரை கிடைக்காத வீடுகள் நம் ஊரில் பல. அப்படியானால் கியரில் போட்டு, இறக்கப் பக்கச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி ஓரமாகக் கட்டி வையுங்கள். ஸ்பேனர் தவறி ஸ்டார்ட்டர் முனையில் பட்டால் எழும் பொறி ஒன்று போதும். பக்கத்தில் ஒரு வாளி மணல், முடிந்தால் பவுடர் தீயணைப்பான் ஒன்று. எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ மிதந்து பரவும். கொடைக்கானலில் இருந்து தீயணைப்பு வண்டி நம் ஊருக்கு வந்து சேரும் நேரத்தில் வண்டியோடு கொட்டகையும் போயிருக்கும். தனியாகச் செய்யாதீர்கள், கூட ஒரு ஆள் இருக்கட்டும். அவர் கையில் பீடி இருக்க வேண்டாம்.

கழற்றுவதற்கு முன்னால் ஃபில்டரின் மேற்புறத்தையும் குழாய் முனைகளையும் துடைத்துச் சுத்தம் செய்யுங்கள். நம் பாதை மண் அங்கே அப்பிக் கிடக்கும். திறந்தவுடன் உள்ளே விழுவது அதுதான். அடியில் அகலமான தகர டின் வையுங்கள். அடியில் தண்ணீர் சென்சார் ஒயர் இருந்தால் கவ்வியை அமுக்கி நிதானமாகக் கழற்றுங்கள், பிடித்து இழுக்காதீர்கள். ஃபில்டர் இறுகியிருந்தால் பெல்ட் ஸ்பேனர் போடுங்கள். ஸ்க்ரூ டிரைவரைச் சுத்தியால் அடித்து ஊடே செருகித் திருகும் வித்தையில் தகரம் கிழிந்து கையும் கிழியும்.

கழற்றியதும் பழைய ரப்பர் வளையம் ஃபில்டரோடு வந்துவிட்டதா என்று பாருங்கள். அது மேலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புது வளையத்தோடு புது ஃபில்டரைப் போட்டால் இரண்டும் சரியாக அமராமல் காற்று இழுக்கும். வண்டி ஸ்டார்ட் ஆகி ஒரு நிமிடத்தில் அணைந்துபோகும். பம்பு போச்சு என்று பத்து பேர் சொல்வார்கள். புது வளையத்தில் கொஞ்சம் சுத்தமான டீசலைத் தடவி, கையால் திருகி, வளையம் தொட்ட பிறகு ஃபில்டரின் மேலேயே அச்சிட்டிருக்கும் அளவுக்கு மட்டும் இன்னும் திருகுங்கள்.

புது ஃபில்டருக்குள் கேன் டீசலை ஊற்றி நிரப்பிப் போடுவது பழைய பழக்கம். காமன் ரெயிலில் அது கூடாது. நடு ஓட்டை வழியாக ஊற்றும் டீசல் வடிகட்டப்படாமல் நேராகப் பம்புக்குப் போகும். அந்தப் பம்பிலும் இன்ஜெக்டரிலும் இருக்கும் இடைவெளி சில மைக்ரான்தான். தலைமயிரின் தடிமனோ 70 மைக்ரான் வாக்கில். ஃபில்டரைக் காலியாகவே போட்டு, கைப்பம்பு இருந்தால் அது கெட்டிப்படும்வரை அமுக்குங்கள். கைப்பம்பு இல்லாமல் டேங்கில் மின்பம்பு உள்ள வண்டியில், பேட்டரியை மாட்டிய பிறகு சாவியை ஆன் செய்து சில நொடி விட்டு ஆஃப் செய்யுங்கள். நாலைந்து தடவை இப்படிச் செய்தால் டீசல் ஏறிவிடும். பழைய ஜீப்பில் ஃபில்டர் மேலே இருக்கும் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்திப் பம்பு அடித்தால் முதலில் நுரையாக வரும், பிறகு குமிழி குறையும், கடைசியில் தெளிந்த டீசல் வழியும். அடித்துக்கொண்டே ஸ்க்ரூவை இறுக்க வேண்டும். ஏர் போகாமல் செல்ஃபை நெடுநேரம் அடிக்காதீர்கள். பத்து நொடிக்கு மேல் போனால் விட்டு, ஆறவிட்டு அடியுங்கள். காமன் ரெயில் பம்புக்கு டீசலே மசகு. வறண்டு சுற்றினால் பம்பு கெடும். ஸ்டார்ட் ஆனதும் பத்து நிமிடம் ஓடவிட்டு, ஃபில்டர் அடியில் ஈரம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். முதல் ஓட்டத்தைச் சுமையில்லாமல் ஊருக்குள்ளேயே ஓட்டிவிட்டுப் பிறகு சரக்கு ஏற்றுங்கள்.

டியூப் போட்டு வாயால் டீசல் உறிஞ்சுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வண்டிக்கு வண்டி டீசல் மாற்ற நம்மில் பாதிப் பேர் இப்படித்தான் செய்கிறோம். வயிற்றுக்குள் போவதைவிட நுரையீரலுக்குள் போவது ஆபத்து. புரையேறி ஒரு வாய் உள்ளே இறங்கினாலே நுரையீரல் அழற்சி வரும். மறுநாள் காய்ச்சலும் நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலுமாக வரும். கையால் அமுக்கும் ரப்பர் பம்பு கடைகளில் கிடைக்கிறது, ஊருக்கு ஒன்று வாங்கிப் பொதுவில் வைத்தாலும் போதும். அதேபோல, வடித்த டீசலைத் தண்ணீர் பாட்டிலிலோ கலர் பாட்டிலிலோ பிடித்து வைக்காதீர்கள். பிள்ளைகள் தாகத்தில் எடுத்துவிடுவார்கள். தவறிக் குடித்துவிட்டால் உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது பெரிய தப்பு. வெளியே வரும்போது அது நுரையீரலுக்குள் இறங்கும். அப்படியே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

வடித்த டீசலும் பழைய ஃபில்டரும் எங்கே போகின்றன? பலர் வீட்டில் வேலிக்கு அந்தப் பக்கம். வேலிக்கு அந்தப் பக்கம் சரிவு, சரிவுக்குக் கீழே ஓடை, அஞ்சுவீடு அருவியில் விழுவதும் இந்தச் சரிவுகளின் தண்ணீர்தான். அதற்குக் கீழே நம்மைவிட ஏழைகளான மக்கள் அதே நீரில் குளிக்கிறார்கள், குடிக்கிறார்கள். மலையின் வடக்குச் சரிவு நீர் பழனிச் சமவெளியின் வயல்களுக்குப் போகிறது. மலை மண்ணில் கொட்டியது எளிதில் போகாது என்பதைக் கொடைக்கானல்காரர்களுக்கு வேறு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. அங்கே இருந்த பாதரசத் தெர்மாமீட்டர் ஆலை 2001-இல் மூடப்பட்டது. அதன் பாதரசம் பற்றிய பேச்சு அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஓயவில்லை. நம் டின்னில் இருப்பது பாதரசம் அளவுக்குக் கொடியதில்லை. ஆனால் ஒவ்வொரு வேலிக்குப் பின்னாலும் ஒரு டின் என்றால் ஓடை அதைத் தாங்காது.

2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி கழிவு எண்ணெய் அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடம்தான் போக வேண்டும். ஒவ்வொருவரும் அரை லிட்டரைத் தூக்கிக்கொண்டு திண்டுக்கல் போக முடியாது. சேர்த்து வைத்தால் போகலாம். என்னிடம் 200 லிட்டர் இரும்புப் பேரல் ஒன்று சும்மா கிடக்கிறது, மூடியும் நன்றாக இருக்கிறது. பழைய ஃபில்டரை ஒரு இரவு கவிழ்த்து வடியவிட்டு, வடிந்ததைப் பேரலில் ஊற்றி, தகரத்தைத் தனியாக ஒரு சாக்கில் போட்டுவிடலாம். பேரல் நிரம்பும்போது சந்தைக்குப் போகும் யாராவது ஒருவர் வண்டியில் கீழே இறக்கி, அனுமதி உள்ளவரிடம் சேர்க்கலாம். எடுத்துப்போகும் செலவை வண்டிக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்வோம். பேரலை வீடுகளுக்கும் அடுப்புக்கும் ஓடைக்கும் தள்ளி, மழை படாத கூரைக்குக் கீழே வைக்க வேண்டும். பிள்ளைகள் விளையாடும் இடமாகவும் இருக்கக் கூடாது. ஜீப் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் பழைய கொட்டகை சரியாக வரும் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த இடத்துக்காரர் சம்மதித்தால் வருகிற ஞாயிற்றுக்கிழமையே பேரலைக் கொண்டுவந்து இறக்கிவிடுகிறேன். வேறு இடம் உங்களுக்குத் தோன்றினால் அதற்கு முன்பாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒரு வண்டிக்காரன்
பேத்துப்பாறை